கவிதையும் கைவேலையும்: கடலூர், புதுச்சேரியில் தோழியோடு தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கவிதை எழுத ஆசை, கையால் ஏதாவது செய்து பார்க்கவும் ஆசை, கூட வர ஒரு சிநேகிதி. இவ்வளவு இருந்தும் பலர் பாதியில் விட்டுவிடுவதற்குக் காரணம், கவிதையைத் தனியாகவும் கைவேலையைத் தனியாகவும் தொடங்குவதுதான். ஒரு மாதம் கவிதைப் பட்டறை, அடுத்த மாதம் டெரகோட்டா கம்மல், அப்புறம் அலமாரியில் தூசி. இரண்டையும் ஒரே பொருளில் சேர்த்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. நீங்கள் இருவரும் எழுதிய கவிதைகள், நீங்களே தைத்த 32 பக்கப் புத்தகம், நீங்களே அச்சு குத்திய அட்டை. நான் கடலூர், என் தோழி புதுச்சேரி முத்தியால்பேட்டை. இதற்காக நாங்கள் கடை கடையாகவும் அலுவலகம் அலுவலகமாகவும் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

வேலைக்குப் போகிறவர்கள் என்றால் மூன்று மாதம் ஒதுக்குங்கள். இரண்டு மாதம் எழுத, ஒரு மாதம் செய்ய. ஜனவரிக்கும் செப்டம்பருக்கும் நடுவில் தொடங்கி முடிப்பது நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கடலோரக் காற்றின் ஈரத்தில் காகிதம் சுருளும், பசை காயாது, அச்சு மை விரலில் ஒட்டும்.

1. முதலில் கணக்கு நோட்டு

சிநேகிதிக்குள் என்ன கணக்கு என்று தோன்றும். தோன்றினாலும் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி மூன்று விஷயங்களை எழுதி வையுங்கள். யார் எவ்வளவு போட்டது. யார் எந்தக் கவிதை எழுதியது, யார் எந்தப் படம் வரைந்தது. விற்றால் பணம் எப்படிப் பிரியும்.

இரண்டாவதுதான் முக்கியம். ஒரு கவிதையை எழுதிய கணமே அதன் பதிப்புரிமை எழுதியவருக்குச் சொந்தம். அதற்குப் பதிவு எதுவும் வேண்டாம். கவிதை உங்களுடையது, படம் அவருடையது என்றால் இரண்டு உரிமையும் தனித்தனி. பின்னால் ஒருவர் மற்றவரின் படைப்பையும் சேர்த்து வேறெங்காவது வெளியிட நினைத்தால் மற்றவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டியிருக்கும். நோட்டில் தேதி போட்டு இருவரும் கையெழுத்து வைத்துவிட்டால் பிறகு மனஸ்தாபம் வராது.

2. உட்கார ஓர் இடம், ஒரு நேரம்

வீட்டில் உட்கார்ந்தால் குக்கர் விசில் அடிக்கும், யாராவது கூப்பிடுவார்கள். வெளியே போங்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வாகனம் கிடையாது. காலை ஆறு மணிக்குப் போனால் ஒரு மணி நேரம் நிம்மதியாக எழுதலாம். மாலையில் கூட்டம் அதிகம், அரட்டைதான் நடக்கும். வெயில் ஏறிவிட்டால் பாரதி பூங்கா நிழல் இருக்கிறது. மழை என்றால் ரோமன் ரோலண்ட் நூலகம். கடலூர்க்காரர்களுக்குச் சில்வர் பீச் அதிகாலையில் சரிப்படும், ஞாயிறு மாலையில் சரிப்படாது.

வாரத்துக்கு ஒரு நாள் போதும். ஆனால் அந்த நாள் மாறக் கூடாது. "அடுத்த வாரம் சேர்த்து ரெண்டு தடவை வரேன்டி" என்று சிநேகிதி சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வர மாட்டாள்.

3. எழுதுதல்: ஒரு மரபு, ஒரு புதுசு

புதுக்கவிதையில் தொடங்கினால் எது நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று இருவருக்கும் சொல்லத் தெரியாது. "சூப்பர்" என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டே போவோம். அதனால் வாரம் ஒரு குறள் வெண்பாவும் ஒரு புதுக்கவிதையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெண்பாவில் சரி, தவறு தெளிவாகத் தெரியும். ஒருவர் எழுத மற்றவர் சரிபார்க்கலாம். அந்தச் சரிபார்ப்பே நல்ல விளையாட்டு.

தேவையான விதி கொஞ்சம்தான். தனியாக வரும் எழுத்து, குறிலோ நெடிலோ, பக்கத்தில் மெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேரசை. இரு குறிலோ, குறிலுக்குப் பின் நெடிலோ சேர்ந்து வந்தால், மெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிரையசை. அசைகள் சேர்ந்து சீர். இரண்டு அசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம். மூன்று அசைச் சீர் நேரில் முடிந்தால் காய், நிரையில் முடிந்தால் கனி. முதலடியில் நான்கு சீர், இரண்டாவது அடியில் மூன்று சீர். சீருக்கும் சீருக்கும் உள்ள ஒட்டுதல், அதாவது தளை, இப்படி:

மாவில் முடிந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும்.
விளத்தில் முடிந்தால் நேரில்.
காயில் முடிந்தாலும் நேரில்.

கனிச்சீர் வரவே கூடாது. கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாக இருக்க வேண்டும். என் தோழி எழுதியதில் ஒன்று:

தாளை மடித்துத் துளையிட்டு நூல்கோத்தால்
நாளை கவிதைத் தொகுப்பு.

பிரித்துப் பாருங்கள். தா/ளை தேமா, எனவே அடுத்தது "மடித்" என்று நிரையில். மடித்/துத் புளிமா, அடுத்தது "துளை" நிரை. துளை/யிட்/டு புளிமாங்காய், அடுத்தது "நூல்" நேர். நூல்/கோத்/தால் தேமாங்காய், அடுத்தது "நா" நேர். நா/ளை தேமா, அடுத்து "கவி" நிரை. கவி/தைத் புளிமா, அடுத்து "தொகுப்" நிரை. தொகுப்பு, பிறப்பு என்னும் வாய்பாடு. தாளை, நாளை எதுகை. பெரிய கவிதை என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஓட்டை இல்லை. இப்படிப் பத்து எழுதிவிட்டால் உங்கள் புதுக்கவிதையில் இருக்கும் வெட்டிச் சொற்கள் தானாகக் கண்ணில் படும்.

இங்கே ஒரு பொறி. தளைக்காகப் பொருளில்லாத சொல்லைச் செருகுவது. "அம்ம", "மன்னோ" எல்லாம் உள்ளே வர ஆரம்பித்தால் அந்தப் பாட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எழுதுங்கள்.

புத்தகத்துக்கு இருவரும் சேர்ந்து 24 கவிதை போதும். தலைப்புப் பக்கம், வெளியிட்டவர் விவரம், ஒரு முன்னுரை, சில படங்கள் என்று மீதிப் பக்கங்கள் நிறைந்துவிடும். முன்னுரையில் பெரியவர்கள் யாரிடமாவது வாழ்த்துரை வாங்கிப் போடும் ஆசையை விட்டுவிடுங்கள். அதற்காகக் காத்திருந்தே பல தொகுப்புகள் நின்றுபோகின்றன.

4. தட்டச்சும் அச்சும்

எங்களை மிகவும் படுத்தியது இதுதான். செல்போனில் யூனிகோடில் அடித்த கவிதையை அப்படியே ஒரு டிடிபி கடைக்குக் கொண்டுபோனோம். அங்கே பழைய பேஜ்மேக்கர் மென்பொருளும் பழைய எழுத்துருவும். திறந்ததும் கவிதை முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. மறுபடி அடிக்கப் பக்கத்துக்குக் காசு கேட்டார்கள். இது தவிர்க்கக்கூடிய செலவு. யூனிகோடில் அடித்து, பக்க வடிவமைப்பையும் நீங்களே முடித்து, பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். பிடிஎஃப்புக்குள்ளேயே எழுத்துரு உட்கார்ந்துவிடும். கடையில் "பிரிண்ட் மட்டும்" என்று சொன்னால் போதும்.

பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். எட்டு ஏ4 தாளை நடுவில் மடித்தால் 32 பக்கம். வெளித்தாளின் ஒரு முகத்தில் 32-ம் 1-ம் வரும், மறு முகத்தில் 2-ம் 31-ம் வரும். எந்த முகத்தை எடுத்தாலும் இரண்டு பக்க எண்களையும் கூட்டினால் 33 வர வேண்டும். வராவிட்டால் வரிசை தப்பு. பிரிண்ட் செய்யும் இடத்தில் "புக்லெட்" என்ற தேர்வு இருந்தால் கணினியே இதைச் செய்துவிடும். என்றாலும் ஒரே ஒரு பிரதி எடுத்து, மடித்து, படித்துப் பார்த்த பிறகுதான் மிச்சத்துக்குச் சொல்லுங்கள்.

உள் தாள் 80 அல்லது 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) போதும். கைக்காகிதத்தில் உள்பக்கம் அச்சடிக்க ஆசைப்படாதீர்கள். அதன் நார் இயந்திரத்தில் சிக்கும், கடைக்காரர் முகம் மாறும். கைக்காகிதம் அட்டைக்கு மட்டும்.

வெளியிட்டவர் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் இரண்டாம் பக்கத்தில் கட்டாயம் போடுங்கள். ஏன் என்பது கடைசிப் படியில் வரும்.

5. கைக்காகிதமும் சாமான்களும்

காகிதத்துக்குப் புதுச்சேரியை விட்டு எங்கும் போக வேண்டியதில்லை. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் எஸ்.வி. படேல் சாலையில் இருக்கிறது. பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கிச் செய்கிறார்கள். அட்டைக்கு 200 முதல் 250 ஜிஎஸ்எம் வரை கேளுங்கள். அதற்கு மேல் போனால் மடிப்பில் வெடிக்கும். பூவிதழ் பதித்த தாள் பார்க்க அழகு, ஆனால் அதன்மேல் அச்சு குத்தினால் எழுத்து உடையும். வழவழப்பான வெற்றுத் தாளே சிறந்தது. வாங்கிய தாளைச் சுருட்டாமல் இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவில் வைத்து எடுத்து வாருங்கள்.

மற்றவை எல்லாம் ஸ்டேஷனரி கடையிலும் தையல் சாமான் கடையிலும் கிடைக்கும்: குத்தூசி, பெரிய கண் உள்ள தையல் ஊசி, கெட்டியான பருத்தி நூல், இரும்பு ஸ்கேல், பேப்பர் கட்டர், ஒரு மெழுகுவர்த்தி. மடிப்பை அழுத்த ஸ்பூனின் பின்பக்கம் போதும். லினோ தகடு (செதுக்கி அச்சு எடுக்கும் மென்மையான தகடு), செதுக்கும் உளி, ரோலர், மை ஆகியவை ஓவியச் சாமான் கடையில். இருவருக்கும் சேர்த்து, அச்சுச் செலவு உட்பட, 25 பிரதிக்கு இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் ரூபாய் எடுத்து வையுங்கள். இதில் பெரும்பங்கு கைக்காகிதத்துக்கும் லினோ சாமானுக்கும் போகும். லினோவை விட்டு வெண்டைக்காயையோ உருளைக்கிழங்கையோ வெட்டி அச்சு குத்தினால் செலவு பாதியாகும், அட்டையும் அசிங்கமாக இருக்காது.

6. தைத்தல்

மூன்று துளைத் தையல் போதும். தடித்த நூலை 55 சென்டிமீட்டர் வெட்டி, மெழுகுவர்த்தியில் இரண்டு தரம் இழுத்துக்கொள்ளுங்கள். மெழுகு ஏறிய நூல் சிக்காது, முடிச்சும் நழுவாது.

மடித்த தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, அட்டையை வெளியே வைத்து, நடுப்பக்கத்தைத் திறந்து ஒரு தடித்த பழைய புத்தகத்தின் மடிப்பில் உட்கார வையுங்கள். மடிப்புக் கோட்டில் நடுவில் ஒரு துளை, மேலிருந்தும் கீழிருந்தும் 3 சென்டிமீட்டர் உள்ளே ஒவ்வொரு துளை. குத்தூசி உள்ளிருந்து வெளியே போக வேண்டும். வெளியிலிருந்து குத்தினால் மடிப்பை விட்டு விலகிவிடும்.

ஊசியை உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே எடுங்கள். வெளியே மேல்துளைக்குப் போய் உள்ளே வாருங்கள். உள்ளே நடுத்துளையைத் தாண்டி நேராகக் கீழ்த்துளைக்குப் போய் வெளியே எடுங்கள். மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே. இப்போது நூலின் இரு நுனியும் உள்ளே, நடுவில் இருக்கும். நீளமாக ஓடும் நூலுக்கு ஒரு நுனி இந்தப் பக்கம், ஒரு நுனி அந்தப் பக்கம் வரும்படி வைத்து இறுக்கி முடிச்சுப் போடுங்கள். இரண்டாம் தடவை நடுத்துளையில் நுழையும்போது முதல் நூலை ஊசி குத்திவிட்டால் இறுக்க முடியாது, அவிழ்த்துவிட்டு மறுபடி கோக்க வேண்டியதுதான்.

தைத்து முடித்ததும் உள்தாள்கள் விளிம்பில் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும். அதைக் கடைசியில்தான் வெட்ட வேண்டும். முன்னாலேயே தாள்களைத் தனித்தனியாக வெட்டிச் சமப்படுத்திவிட்டு அடுக்குவது எல்லாரும் விழும் பள்ளம்.

பசை தேவைப்படும் வேலை ஏதாவது செய்தால் ஃபெவிகால் போதும். மைதாப் பசை காய்ச்சுவதானால் பூச்சி வராமல் இருக்க பைண்டிங் கடைக்காரர்கள் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த வேலை வேண்டாம்.

7. அட்டையில் அச்சு

லினோவில் தமிழ் எழுத்தைத் தலைகீழாக அல்ல, கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாற்றிச் செதுக்க வேண்டும். கொம்பு முன்னால் வரும் எழுத்துகளில்தான் எல்லாரும் தடுமாறுவார்கள். கையால் மாற்றி எழுத முயலாதீர்கள். தலைப்பைப் பட்டர் பேப்பரில் பென்சிலால் நேராக எழுதி, தாளைக் கவிழ்த்து லினோவில் வைத்துத் தேயுங்கள். பென்சில் கோடு தானே மாறி விழும். தகடு கெட்டியாக இருந்தால் கொஞ்ச நேரம் வெயிலில் வையுங்கள், இளகிவிடும். உளி எப்போதும் உங்கள் உடம்பை விட்டு வெளியே போகட்டும். பிடித்திருக்கும் கை உளிக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

அச்சோடு நிற்காமல் வேறு கைவேலையும் சேர்க்க ஆசை என்றால் பக்கத்திலேயே வாய்ப்பு இருக்கிறது. வில்லியனூர் சுடுமண் வேலைப்பாட்டுக்கும் திருக்கனூர் காகிதக்கூழ்ப் பொம்மைக்கும் புவிசார் குறியீடே உண்டு. முருங்கப்பாக்கத்தில் கைவினைக் கிராமம் இருக்கிறது. கடலூரில் வண்டிப்பாளையத்தில் கொலுப் பொம்மை செய்கிறார்கள். நவராத்திரிக்கு முந்தின மாதங்களில் போனால் அவர்களுக்குப் பேச நேரம் இருக்காது. தை, மாசியில் போங்கள். சும்மா போய் நின்று வேடிக்கை பார்க்காமல் ஏதாவது வாங்குங்கள்.

8. விற்க நினைத்தால்: காகித வேலைகள்

நண்பர்களுக்கு இலவசமாகக் கொடுப்பதானால் இந்தப் படியைத் தாண்டிவிடுங்கள். விற்பதானால் எது உங்களுக்குத் தேவையோ அதை மட்டும் செய்யுங்கள். எல்லாப் பதிவையும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லும் ஏஜெண்டுகளை நம்ப வேண்டாம்.

ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்): கடையிலோ நூலகத்துக்கோ போகும் புத்தகத்துக்குத்தான் உதவும். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் இல்லை. அடையாளச் சான்று, முகவரிச் சான்று, புத்தகத்தின் தலைப்புப் பக்கம் தயாராக இருக்கட்டும். "ஐஎஸ்பிஎன் வாங்கித் தருகிறோம், இவ்வளவு ஆகும்" என்று யாராவது சொன்னால் அது அவர்கள் கூலி, அரசுக் கட்டணம் அல்ல.

பதிப்புரிமைப் பதிவு: கட்டாயம் இல்லை. வேண்டுமென்றால் இணையத்தில் படிவம் 14, இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய். விண்ணப்பத்துக்குத் தரும் டைரி எண் கிடைத்த பிறகு ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பு. சான்றிதழ் 30 நாளில் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள், பரிசோதனையே அதற்குப் பிறகுதான் தொடங்கும். இருவர் எழுதியது என்றால் மற்றவரின் ஆட்சேபணையின்மைக் கடிதம் இல்லாமல் போகாதீர்கள்.

நூலகப் பிரதி: 1954-ம் ஆண்டுச் சட்டப்படி வெளியிட்ட 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். அதனால் நான்கு பிரதி கூடுதலாகத் தையுங்கள்.

ஜிஎஸ்டி: அச்சிட்ட புத்தகத்துக்கு வரி கிடையாது. புத்தகம் மட்டும் விற்றால் பதிவும் வேண்டாம். சுடுமண் கம்மல், காகிதப் பெட்டி என்று கைவினைப் பொருளும் விற்கும்போதுதான் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். பொருள் விற்பனைக்குப் பதிவு வரம்பு தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம், புதுச்சேரியில் 20 லட்சம். அவ்வளவு யார் விற்கப்போகிறோம் என்று விட்டுவிடக் கூடாது. கடலூரிலிருந்து பஸ் ஏறி புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டினாலே அது வெளிமாநில விற்பனை. வெளிமாநில விற்பனைக்கு வரம்பு பார்க்காமல் பதிவு கேட்பது பொது விதி. கைவினைப் பொருளுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் பொருள் அரசு அறிவித்த பட்டியலில் இருக்க வேண்டும், பான் கார்டு வேண்டும், பொருளின் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் (பொருளை எடுத்துச் செல்வதற்கான இணையச் சீட்டு) எடுக்க வேண்டும். எளிய வழி, புதுச்சேரியில் விற்கும் பொருளைப் புதுச்சேரித் தோழி அங்கேயே செய்து அங்கேயே விற்பது, கடலூர் விற்பனையை நீங்கள் பார்த்துக்கொள்வது. நாங்கள் அப்படித்தான்.

கைவினைஞர் அட்டை: ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பிரிவு தரும் பெஹ்சான் அட்டைக்கு ஆதார், வங்கிப் பாஸ்புக், போட்டோ, செல்போன் எண் வேண்டும். சரிபார்க்க வரும்போது வேலையைச் செய்து காட்டத் தெரிந்திருக்க வேண்டும். தொடர்ந்து கைவினையே செய்பவர்களுக்குத்தான் அதனால் பயன். ஞாயிற்றுக்கிழமைக்காரர்களுக்கு அவசியமில்லை.

9. எங்கே விற்பது

புதுச்சேரி மகாத்மா காந்தி சாலை ஞாயிறு சந்தையிலோ கடற்கரைச் சாலையிலோ பாய் விரித்து உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தால் நடக்காது. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி உள்ளாட்சி தரும் சான்று வேண்டும். புதுச்சேரியில் விசாரிக்கப் போகும் முன் உங்கள் இடம் புதுச்சேரி நகராட்சியா உழவர்கரை நகராட்சியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கவுண்ட்டரிலிருந்து இன்னொரு கவுண்ட்டருக்கு அனுப்பப்படுவது பெரும்பாலும் இதனால்தான். கடலூரில் மாநகராட்சி.

ஆரம்பத்தில் இதற்கு மெனக்கெட வேண்டாம். தெரிந்த காபிக் கடை, துணிக் கடை, புத்தகக் கடையில் ஐந்து பிரதி வைத்துப் பாருங்கள். கடைக்கு எவ்வளவு கழிவு, விற்காததை எப்போது திருப்பி எடுப்பது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஏப்ரல் 29 பாரதிதாசன் பிறந்த நாள், டிசம்பர் 11 பாரதி பிறந்த நாள். இந்த நாட்களை ஒட்டிக் கவிதை கேட்க ஊரில் ஆள் இருக்கும். புத்தகம் ஒரு மாதம் முன்பே தயாராகிவிட வேண்டும். டிசம்பருக்கு என்றால் மழைக்கு முன்பே, செப்டம்பரிலேயே தைத்து முடித்து, நியூஸ் பேப்பரில் சுற்றி டப்பாவில் மூடி வையுங்கள். இராமபாணப் பூச்சிக்குக் கைக்காகிதம் என்றால் உயிர்.

விலை வைக்கும்போது காகிதக் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். தைக்கும் நேரத்துக்கும் ஒரு கூலி போடுங்கள். 150 ரூபாய்க்கு வாங்கத் தயங்குபவர் 80 ரூபாய்க்கும் யோசித்துக்கொண்டுதான் நிற்பார்.

10. தபாலில் அனுப்புதல்

வெளியூரிலிருந்து கேட்பவர்களுக்குக் கூரியர் வேண்டாம். இந்திய அஞ்சல் துறை 2025 மே மாதம் தொடங்கிய ஞான் போஸ்ட் என்னும் புத்தகத் தபால் சேவை இலக்கியப் புத்தகங்களுக்கும் உண்டு. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. அனுப்பியது எங்கே இருக்கிறது என்று இணையத்தில் பார்க்கலாம். தரைவழியாகப் போவதால் கொஞ்சம் மெதுவாகத்தான் சேரும். அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் புத்தகத்தில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நான்காம் படியில் இரண்டாம் பக்க விவரத்தை வற்புறுத்தியது இதற்குத்தான். விளம்பரத் துண்டுச்சீட்டு எதையும் உள்ளே செருகாதீர்கள். பழைய பழக்கத்தில் புக் போஸ்ட் என்று கேட்டால் கவுண்ட்டரில் குழப்பம் வரும், "ஞான் போஸ்ட்" என்றே கேளுங்கள். 32 பக்கப் புத்தகம் இரண்டு சேர்ந்தாலும் 300 கிராமைத் தாண்டாது. அதனால் ஒன்று கேட்பவரிடம் இரண்டாகச் சொல்லிப் பாருங்கள், தபால் செலவு அதேதான்.